இரண்டு பாஸ்போர்ட் இல்லை சார், ஒன்றுதான்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்கால காபி குடித்துக்கொண்டிருந்தபோது மாடி வீட்டு நண்பர் வந்தார். தி.நகரில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த கூட்டத்திலிருந்து நேராக வருகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. கையில் பளபளவென்று ஒரு ஃபைல். அதன் அட்டையில் நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை மரம்.

"சார், நீங்க பேங்க்ல ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் செக்‌ஷன்ல இருந்தவர்தானே? இதைக் கொஞ்சம் பாருங்க. வெளிநாட்டுல சொத்து வாங்கினா குடும்பத்துக்கே பாஸ்போர்ட் தர்றாங்களாம். இந்திய பாஸ்போர்ட் ஒண்ணு, அது ஒண்ணு. கையில ரெண்டு!"

நண்பரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்தில் எங்கள் அடுக்ககம். இரண்டாவது மாடியில் அவர், மனைவி, 25 வயது மகன், 18 முடிந்த மகள். மகன் பெருங்குடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அமெரிக்கா போக வேண்டும் என்பது அவன் கல்லூரி நாள் கனவு. ஹெச்-ஒன்-பி விசா குலுக்கலில் மூன்று முறை பெயர் வரவில்லை. மகள் நீட் தேர்வை இரண்டாவது தடவை எழுதத் தயாராகிறாள். இது போக, கணவன் மனைவி இருவர் பெயரிலும் அடையாறில் ஒரு ஃபிளாட். அதன் வாடகையில்தான் மகளின் கோச்சிங் ஃபீஸ் போகிறது.

அந்த அடையாறு ஃபிளாட்டை விற்றுவிடுவதாக முடிவு செய்துவிட்டார். ஐம்பதாயிரம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸும் கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"யார்கிட்டயாவது கேட்டீங்களா சார்?"

"அதான் உங்ககிட்ட கேக்கறேனே!"

கட்டிய பிறகு கேட்பது நம் வழக்கம்தானே. நான் கண்ணாடியைத் தேடி எடுத்தேன்.

எங்கே விற்கிறார்கள், என்ன விலை?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஏமாற்று வேலை இல்லை. சொத்து வாங்கினால் குடியுரிமை தரும் நாடுகள் நிஜமாகவே இருக்கின்றன. கரீபியன் கடலில் உள்ள செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் என்ற குட்டி நாடு 1984-லேயே இதைத் தொடங்கியது. பிறகு டொமினிக்கா, ஆன்டிகுவா, கிரெனடா, செயின்ட் லூசியா ஆகியவையும் சேர்ந்துகொண்டன. கரும்பும் வாழையும் கைவிட்ட தீவுகளுக்கு இது பெரிய வருமானம். துருக்கியும் தருகிறது. அங்கே 2,50,000 டாலருக்குச் சொத்து வாங்கினால் போதும் என்று இருந்ததை 2022-ல் 4,00,000 டாலராக உயர்த்தினார்கள்.

நண்பரின் ஃபைலில் இருந்தது கிரெனடா. ஒரு ரிசார்ட் ஹோட்டலில் 2,70,000 டாலருக்குப் பங்கு. அதற்கு மேல் அரசாங்கத்துக்கு 50,000 டாலர். டாலரை 85 ரூபாய் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 2 கோடியே 72 லட்சம். வக்கீல், பின்னணி விசாரணை, ஏஜென்ட் கட்டணம் எல்லாம் தனி.

"வீடுன்னு சொன்னீங்களே சார், இதுல ஹோட்டல் பங்குன்னு போட்டிருக்கே?"

"ஆமா, ரூம் மாதிரி."

எந்தச் சொத்தை வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. அந்த அரசாங்கம் அங்கீகரித்த திட்டங்களில்தான் வாங்க வேண்டும். சில வருடங்கள் விற்கவும் கூடாது. அதற்குப் பிறகு விற்கப் போனால், வாங்குகிறவரும் பெரும்பாலும் பாஸ்போர்ட்டுக்காக வருகிறவராகத்தான் இருப்பார். அவருக்குப் புத்தம் புது ரிசார்ட்டைக் காட்ட வேறு ஏஜென்ட் காத்திருப்பார். நம் பழைய பங்குக்கு என்ன விலை கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் எப்படிப் போகும்?

அடுத்து என் பழைய பாடம். ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டப்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2004-ல் இது ஆரம்பித்தபோது வரம்பு வெறும் 25,000 டாலர். 2013-ல் ரூபாய் ஆட்டம் கண்டபோது வரம்பைக் குறைத்து, வெளிநாட்டில் சொத்து வாங்க அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் மறுபடி அனுமதித்தார்கள். இன்றைக்கு அனுமதி இருக்கிறது.

ஆனால் நண்பரின் ரிசார்ட் பங்கே ஒருவர் வரம்பைத் தாண்டுகிறது. கணவன் மனைவி சேர்ந்து அனுப்பலாம். அப்போது சொத்தும் இருவர் பெயரில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவரின் வரம்பை இதில் சேர்த்துக்கொள்ள முடியாது. குறைகிற பணத்துக்கு இங்கே வங்கியில் கடன் வாங்கி அனுப்பவும் வழி இல்லை.

"சரி, அனுப்பறப்ப ஏதாவது பிடிப்பாங்களா?"

பிடிப்பார்கள். வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். அவர் கணக்குக்குச் சுமார் 50 லட்சம். இது தனி வரி இல்லை; வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தை ரீஃபண்டாக வாங்கலாம். ஆனால் அனுப்பும் அன்றைக்கு அந்த 50 லட்சமும் கையில் இருக்க வேண்டுமே!

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வீட்டை விற்று இன்னொரு வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரியில் விலக்கு உண்டு என்பது பலருக்கும் தெரியும். வாங்கும் வீடு இந்தியாவில் இருந்தால்தான் அந்த விலக்கு. அடையாறை விற்றுக் கிரெனடாவில் வாங்கினால் கிடையாது. வாங்கிய பிறகும், இங்கே வசிக்கும் வரை, வருடாவருடம் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதியில் அதைக் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015-ம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

நண்பர் ஃபைலின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட ஆரம்பித்தார். அதுவரை பணத்தைப் பற்றித்தான் பேசியிருந்தோம். முக்கியமான விஷயத்துக்கு இன்னும் வரவில்லை.

ரெண்டு இல்லை, ஒன்று

"சார், கூட்டத்துல இந்திய பாஸ்போர்ட் என்ன ஆகும்னு சொன்னாங்களா?"

"அது நம்மகிட்டதானே இருக்கு?"

இருக்காது. நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அரசியல் சாசனத்தின் 9-வது பிரிவும், 1955-ம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். யாரும் வந்து ரத்து செய்ய வேண்டியதில்லை. நாம் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. சட்டமே எடுத்துக்கொண்டுவிடும். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காமல் பீரோவில் வைத்துக்கொண்டு பயன்படுத்தினால் குற்றம்.

அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இரண்டு பாஸ்போர்ட் சரிதான். அந்த நாட்டுக்காரர்களுக்காக எழுதிய விளம்பரத்தை அப்படியே எடுத்து வந்து தி.நகரில் விரித்துவிட்டார்கள்.

நண்பரின் மனைவி எப்போது வந்து வாசலில் நின்றார் என்று நாங்கள் கவனிக்கவில்லை.

"அண்ணா, அப்போ இதுல நாலு பேர் பேரும் போட்டிருக்காரே... நாங்க நாலு பேரும் இந்தியரே இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆமாம்மா. மயிலாப்பூர்ல இருக்கிற கிரெனடாக்காரங்க."

நான் சிரிப்பாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஓ.சி.ஐ. இருக்கே?

"ஓ.சி.ஐ. கார்டு வாங்கிக்கலாம்னு ஏஜென்ட் சொன்னானே" என்றார் நண்பர்.

வாங்கலாம். 2006 முதல் தருகிறார்கள். ஆயுள் முழுக்க விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். அமெரிக்காவில் இருந்து டிசம்பர் சீசனுக்கு வரும் பிள்ளைகள் பலர் கையில் இருப்பது அதுதான். ஆனால் பெயரில் சிட்டிசன் என்று இருந்தாலும் அது குடியுரிமை இல்லை. ஓட்டு இல்லை. தேர்தலில் நிற்க முடியாது. விவசாய நிலம் புதிதாக விலைக்கு வாங்க முடியாது. பொதுவாக அரசு வேலையும் இல்லை.

அந்த வீட்டுக்கு எது முக்கியமோ அதைக் கடைசியாகச் சொன்னேன். 2021 மார்ச் 4-ம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் நீட் எழுதலாம். ஆனால் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரிய இடங்களில் சேர முடியாது. என்.ஆர்.ஐ. இடங்களுக்குத்தான் போட்டி போடலாம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களுக்கு மட்டும் 2023-ல் பழைய சலுகை கிடைத்தது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு இல்லை.

அதாவது, அண்ணன் அமெரிக்கா போவதற்காக வாங்கும் பாஸ்போர்ட், தங்கையின் அரசு மருத்துவக் கல்லூரி இடத்தைப் பறித்துவிடும்.

நண்பர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

பிறக்காத பிள்ளைக்கும் சேர்த்து

"அப்புறமா வேண்டாம்னா, திரும்ப இந்தியனா ஆயிக்கலாமே?" என்றார், கொஞ்ச நேரம் கழித்து.

இதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்று பதில் சொல்லும். ஓர் இந்தியத் தம்பதி 1998 டிசம்பரில் சிங்கப்பூர் குடியுரிமை பெற்றார்கள். அப்போது மனைவி கர்ப்பிணி. 1999 மார்ச்சில் அங்கே மகன் பிறந்தான். அவன் வளர்ந்து 18 வயதானதும், 2017-ல், 'நான் இந்தியக் குடியுரிமைக்குத் திரும்ப விரும்புகிறேன்' என்று விண்ணப்பித்தான். குடியுரிமையைத் துறந்த பெற்றோரின் பிள்ளைகள், வயது வந்து ஒரு வருடத்துக்குள் அறிவித்தால் குடியுரிமையை மீட்டுக்கொள்ளலாம் என்று சட்டத்தின் 8-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. அதை நம்பித்தான் கேட்டான்.

சென்னை உயர் நீதிமன்றம் அவன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. 2024 அக்டோபர் 18-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. காரணம் இதுதான்: பெற்றோர் எழுதிக் கொடுத்துத் துறந்திருந்தால் அது 8-வது பிரிவு. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியதால் தானாகவே போயிருந்தால் அது 9-வது பிரிவு. இவர்களுடையது இரண்டாவது வகை. ஆகவே அந்த வழி மகனுக்குக் கிடையாது.

சட்டத்தில் வேறு கதவுகள் இருக்கின்றன. முன்பு இந்தியராக இருந்தவரோ அவர் பிள்ளையோ இங்கே ஒரு வருடம் வசித்து விண்ணப்பிக்கலாம். ஓ.சி.ஐ. அட்டை பெற்று ஐந்து வருடமானவரும் ஒரு வருடம் வசித்து விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். ஆனால் அது விண்ணப்பம்தான், உரிமை இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் கையில்.

அமெரிக்கக் கதவு திறக்குமா?

அதற்குள் மகனும் இறங்கி வந்துவிட்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கேட்ட கேள்வி நியாயமானது.

"அங்கிள், எங்க பேர் எல்லாம் வேண்டாம். என் பேர்ல மட்டும் வாங்கினா? கிரெனடா பாஸ்போர்ட் இருந்தா அமெரிக்காவுல ஈ-2 விசா கிடைக்கும்னு சொன்னாங்க. இந்தியாவுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. அதுக்காகத்தானே இவ்வளவும்."

பையன் சொல்வது பாதி சரி. ஈ-2 என்பது அமெரிக்காவில் தொழிலில் முதலீடு செய்து அதை நடத்த வருகிறவர்களுக்கான விசா. கிரெனடாவுடன் ஒப்பந்தம் உண்டு, இந்தியாவுடன் இல்லை. ஆனால் 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்தை மாற்றிவிட்டது. முதலீடு மூலம் குடியுரிமை வாங்கியவர்கள், அந்த நாட்டில் தொடர்ந்து மூன்று வருடம் நிஜமாகவே வசித்திருந்தால்தான் ஈ-2 கேட்க முடியும். அதாவது பெருங்குடி வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் கிரெனடாவில் குடியிருக்க வேண்டும். பிறகு அமெரிக்காவில் தொழில் தொடங்க இன்னொரு பெரிய தொகை போட வேண்டும். அதற்குப் பிறகும் அது கிரீன் கார்டு இல்லை. தொழில் நடக்கும் வரைதான் விசா.

"இது ஃபைல்ல இல்லையே அங்கிள்."

"இல்லைதான்."

பாஸ்போர்ட் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. வாங்கும் அன்று இருக்கும் மதிப்பு பிறகும் இருக்கும் என்று சொல்ல முடியாது. டொமினிக்கா பாஸ்போர்ட்டுக்குப் பிரிட்டன் விசா கேட்காமல் இருந்தது. 2023 ஜூலையில் கேட்க ஆரம்பித்துவிட்டது. சைப்ரஸ் 2020-ல் இந்த விற்பனையையே மூடியது. மால்டா செய்தது ஐரோப்பியச் சட்டத்துக்கு விரோதம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நம் ஊர் செய்தித்தாள்களில் ஆன்டிகுவா என்ற பெயர் அடிபட்டதே மெகுல் சோக்சியால்தான். 2017-ல் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, 2018-ல் வங்கி மோசடி வெளியே வரும் முன்பே கிளம்பிப் போனவர் அவர். இப்படிப்பட்டவர்களால் நேர்மையாக வாங்கியவரையும் விமான நிலையத்தில் இரண்டு முறை பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வெளிநாடு போவதே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 2024-ல் மட்டும் 2 லட்சத்து 6 ஆயிரம் பேர் இந்தியக் குடியுரிமையை விட்டிருக்கிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொல்லியிருக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் போய், அங்கேயே வேர் பிடித்து, யோசித்துக் குடியுரிமை மாறியவர்கள் நம் மயிலாப்பூரில் தெருவுக்கு நாலு வீட்டில் இருப்பார்கள். அவர்கள் வாழப் போன நாட்டின் பாஸ்போர்ட்டை வாங்கினார்கள். கால் வைக்காத நாட்டின் பாஸ்போர்ட்டுக்காக இருக்கும் நாட்டை விடுவது வேறு விஷயம்.

மகனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "உனக்கு 25 வயசு. வேலை வழியா, படிப்பு வழியா போக இன்னும் எத்தனையோ நாடு இருக்கு. எங்கயாவது போய் வாழ்ந்து பாரு. பிடிச்சா அப்புறம் உன் குடியுரிமையை நீ முடிவு பண்ணு. உன் தங்கச்சியோடதை யாரும் சேர்த்து முடிவு பண்ண வேண்டாம்."

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஓடினால்...

இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு அழைப்பு உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கலாம். போய் காபி குடித்துவிட்டு வாருங்கள், தப்பில்லை. பணம் கட்டும் முன் இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

1. தருவது குடியுரிமையா, வசிக்கும் அனுமதியா? துபாயில் 20 லட்சம் திர்ஹாம் சொத்துக்குக் கிடைக்கும் கோல்டன் விசா, வசிக்கும் அனுமதி மட்டுமே. அதில் இந்தியக் குடியுரிமைக்கு ஆபத்து இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் குழப்புவார்கள்.

2. யார் யார் பெயர் விண்ணப்பத்தில் இருக்கிறது? வீட்டில் படிக்கும், அரசு வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் அதில் இருக்கிறார்களா?

3. சொத்து தனி வீடா, பங்கா? கட்டி முடித்ததா? எத்தனை வருடம் விற்க முடியாது?

4. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் எந்தப் பணம் திரும்பும், எது திரும்பாது?

5. பணம் முழுக்க வங்கி வழியாக, எல்.ஆர்.எஸ். வரம்புக்குள் போகிறதா? 'மிச்சத்தை நாங்க வேற வழியில பார்த்துக்கறோம்' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வரி மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். நம் வருமான வரி, நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கிறது. மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு எந்தத் தீவின் பாஸ்போர்ட்டை வைத்திருந்தாலும் வரி இங்கேதான்.

அன்று ராத்திரி கிளம்பும்போது நண்பரின் மனைவி கேட்டார்:

"அண்ணா, எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கிற ஃபிளாட்டு, என் கையெழுத்து இல்லாம விக்க முடியாது இல்லையா?"

"முடியாதும்மா."

"அப்போ சரி. தொண்ணூத்தொண்ணுல முதல் ஓட்டு போட்டேன். இதுவரைக்கும் ஒரு எலெக்‌ஷன் விட்டதில்லை. இனிமேயும் விடறதா இல்லை."

நண்பர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் போனில் ஏஜென்டிடம் பேசினார் என்று கேள்வி. அந்த ஐம்பதாயிரம் இன்னும் திரும்பி வரவில்லை. வரும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. அடையாறு ஃபிளாட்டில் பழைய வாடகைதாரரே இருக்கிறார். மகன் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறான்.

அந்தப் பளபள ஃபைலை நேற்று மறுபடி பார்த்தேன். மகள் அதற்குள் பிசிக்ஸ் நோட்ஸ் போட்டு எடுத்துக்கொண்டு கோச்சிங் கிளாஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

"அட்டை நல்லா கெட்டியா இருக்கு அங்கிள்" என்றாள்.